எல்லம்மாள் தரப்பு

"கேஸ வாபஸ் வாங்கிக்கிறேம்மா. எனக்கு அந்தப் புடவை இன்னைக்கே வேணும்."

முனிரத்தினம் இப்படிச் சொன்னதும், வக்கீல் ஜெயப்ரியா குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டாள். நுகர்வோர் கோர்ட்டுக்கு எதிரே இருந்த டீக்கடை அது. இன்னும் சற்று நேரத்தில் கேஸைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"என்ன ஐயா, விளையாடறீங்களா? ரெண்டு வருஷமா நாயா பேயா அலைஞ்சாச்சு. இன்னைக்குத்தான் கடைசி வாதம். ஜெயிக்கப்போற கேஸு!"

"தெரியுதும்மா."

"தெரிஞ்சுமா?"

அவர் கண்கள் சிவந்து, இரவெல்லாம் தூங்காதவர் போல இருந்தார்.

கேஸ் ஒன்றும் பெரிய சிக்கல் இல்லை. முனிரத்தினம் கொத்தனார் வேலையில் சிறுகச் சிறுகச் சேர்த்து, பிள்ளையார்பாளையத்துத் தறியில் சொல்லி நெய்து வாங்கியது அவர் மனைவி எல்லம்மாளின் முகூர்த்தப் புடவை. அந்த வீட்டில் இருந்த ஒரே பட்டு. அதை விமல்ராஜின் டிரை வாஷ் கடையில் பாலிஷ் போடக் கொடுத்தார்கள். முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகித் திரும்பி வந்தது. கேட்டதற்கு, "நாப்பது வருஷத்துத் துணி பெருசு, அதுவா இத்துப்போச்சு" என்று கைவிரித்துவிட்டான் விமல்ராஜ்.

எல்லம்மாள் விடவில்லை. புடவை அவளுடையது, அதனால் கேஸும் அவள் பேரில்தான். முட்டிவலியால் அவளுக்குப் படி ஏற முடியாது. அவள் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு ஐயம்பேட்டையிலிருந்து பஸ் ஏறி ஒவ்வொரு வாய்தாவுக்கும் முனிரத்தினம் வந்துபோனார். விமல்ராஜுக்கு ஒரு வாய்தாவில் காய்ச்சல் வரும், அடுத்ததில் மச்சானுக்குக் கல்யாணம் வரும். புடவை மட்டும் சாட்சிப் பொருளாகக் கோர்ட் பீரோவில் கிடந்தது.

"உண்மையச் சொல்லுங்க. அந்த ஆளு மிரட்டினானா? இல்ல, ஏதாச்சும் கையில குடுத்தானா?"

"ஐயோ, அந்தப் பொழப்பு நான் பொழைப்பனா? வீட்டாண்ட பந்தல் போட்டாச்சும்மா. ஜனங்க வந்துக்கினு இருக்குது. பொழுது சாயறதுக்குள்ள அந்தப் புடவைய அவளுக்குக் கட்டணும்."

ஜெயப்ரியாவின் கோபம் பாதி இறங்கியது. "அட, அறுபதாம் கல்யாணமா? ஒரு வார்த்தை சொல்லலையே!"

முனிரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தாள் அவள்.

"வேற பட்டு எடுத்துக் குடுங்களேன். காஞ்சிபுரத்துல பட்டுக்கா பஞ்சம்? நல்ல நாளும் அதுவுமா கருகின புடவையையா கட்டுவாங்க?"

"வேற எதுவும் ஆகாதும்மா. அதான் வேணும்னு சொல்லிட்டா." அவர் கைகூப்பினார். "உன் காலுல வேணும்னாலும் விழறேன்."

பெற்ற அப்பன் வயதுள்ள மனிதர் அப்படிச் சொன்னதும் அவளுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. எழுந்து உள்ளே போனாள்.

விஷயத்தைக் கேட்டதும் விமல்ராஜுக்கு வாயெல்லாம் பல். "புடவையத் தாராளமா குடுக்கட்டும் மேடம். ஆனா எங்க கடை மேல எந்தத் தப்பும் இல்லன்னு பெருசு எழுதிக் குடுக்கணும்."

"அது பச்சைப் பொய்!" என்று கத்தினாள் ஜெயப்ரியா. "ஐயா, இதுக்கு மட்டும் சம்மதிக்காதீங்க."

"எங்கம்மா கையெழுத்து போடணும்?" என்றார் முனிரத்தினம்.

கேஸைக் கூப்பிட்டார்கள். நீதிபதி மனுவைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"எல்லம்மாள் தரப்புல நீங்கதானே? அவங்க சம்மதத்தோடதான் வாபஸ் வாங்கறீங்களா?"

"அந்தப் புடவைதான் வேணும்னு அவளே கேட்டுக்கினாளுங்க."

"அவங்க ஏன் வரலை?"

முனிரத்தினத்தின் உதடு துடித்தது. "எழுந்து வர முடியலீங்க."

"முட்டிவலி சார்" என்று ஜெயப்ரியாவே எடுத்துக் கொடுத்தாள்.

கேஸ் தள்ளுபடி ஆனது. அவளுடைய இரண்டு வருட உழைப்பு ஒரு நிமிடத்தில் மண்ணாய்ப் போனது. வராந்தாவில் விமல்ராஜ் யாருக்கோ போன் போட்டு, "பயந்துட்டாங்கப்பா" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். முனிரத்தினம் அது எதையும் கேட்கவில்லை. பிளாஸ்டிக் கவரோடு புடவையை மார்பில் அணைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு புடவைக்கு ஒரு ஆண்பிள்ளை இப்படி அழுவாரா என்றிருந்தது அவளுக்கு. திட்ட வேண்டும் என்று இருந்தவள் வண்டிச் சாவியை எடுத்தாள்.

"பஸ்ஸுக்கு நின்னா நேரமாயிடும். என் வண்டியில ஏறுங்க. நானும் வந்து அம்மாவைப் பார்த்துட்டுப் போறேன்."

ஐயம்பேட்டை வரை அவர் புடவைக் கவரை மார்பிலிருந்து எடுக்கவே இல்லை. தெருமுனையிலேயே பந்தல் தெரிந்தது. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த ஆண்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து வழிவிட்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து தலைவிரிகோலமாக ஓடி வந்தாள் முனிரத்தினத்தின் தங்கை அம்சவேணி.

"அண்ணே, கிடைச்சுதா? குடு சீக்கிரம். அண்ணியக் குளிப்பாட்டி வச்சிக்கினு எம்மா நேரம் உக்காந்திருக்கறது? பூவும் பொட்டுமா போறவள முகூர்த்தப் புடவை இல்லாமலா தூக்கறது?"

ஜெயப்ரியா வண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா... கோர்ட்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா, வாரிசு சர்டிபிகேட் வாங்கிக்கினு அடுத்த வாய்தாவுக்கு வான்னு நீயே சொல்லியிருப்பியேம்மா."