மூடிக்கு உள்ளே

ஓவர்லாக் மெஷினில் மறுபடியும் நூல் அறுந்தது. “இன்னொருக்கா அறுந்துதுன்னா நீ பழையபடி பிசிறு வெட்டவே போயிரோணும், மயிலாத்தா” என்றார் சூப்பர்வைசர். அவள் மூடியைத் திறந்து சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்டினாள். கீழ்க்கொக்கி நீட்டிய நூலை மேல்கொக்கி வாங்கி உயர்த்த, ஊசி இறங்கி அதைப் பிடித்துக்கொண்டது. குனிந்து, இமைக்காமல் பார்த்தாள். நடுவே மயிரிழை இடைவெளிதான். ஒன்றின் மேல் ஒன்று படவே இல்லை. அவள் முதலில் கோத்திருந்த ஊசிநூல்தான் கீழ்க்கொக்கியின் வழியில் சிக்கிக் கிடந்தது.

“என்ன, சாமி கும்புடறயா?”

“இருங்ணா.”

ஊசிநூலை உருவிவிட்டு, கொக்கிகளுக்குக் கோத்த பிறகு கடைசியாக ஊசிக்குக் கோத்தாள். பெடலை மிதித்தாள். தைத்ததை இழுத்துப் பார்த்தபோது, பனியன் துணியோடு தையலும் நீண்டு சுருங்கியது.

“அதான் தெச்சுட்டயில்ல, மூடியப் போடு.”

“இன்னும் ஒரே ஒருக்காப் பாத்துக்கறனுங்ணா.”