பெரிய கிராணி வாங்கி வந்த பாஷை

சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், 1985-இல் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீஸ் கம்ப்யூட்டர் தன் பிறவிப் பாஷையைத் துறந்தது. ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி நாகரத்தினம் கோலாலம்பூரில் வேறொரு பாஷையை டிஸ்க்கில் வாங்கிவந்தார். இனிமேல் கீழ் வாயில் செருகும் அந்த டிஸ்க்கைத்தான் படிக்க வேண்டும் என்று மூன்று நாள் மல்லுக்கட்டி மிஷினை வழிக்குக் கொண்டுவந்தார். ஓடாவிட்டால் கிராணியை மறுபடி கொழுந்து நிறுக்கப் போகச் சொல்லியிருந்தார் துரை.

துரை வந்தார். மிஷினுக்கு விபூதி பூசி, சூடம் காட்டி, பொத்தானை அமுக்கினார் கிராணி. பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு வரும் அறுபத்திரண்டு பேரின் பெயர்களும் பிழையில்லாமல் அச்சாகி வந்தன. துரை கைகுலுக்கிவிட்டுப் போனார்.

ஆபீஸ் கூட்டும் காளியம்மா கிராணியின் சாப்பாட்டுப் பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து நீட்டினாள்.

"விபூதி படக்கூடாதுன்னு கழட்டி வெச்சீங்க ஐயா. திரும்பப் போடவே இல்லையே லா."

கீழ் வாய் காலியாக இருந்தது. கிராணி டிஸ்க்கைச் செருகினார். மிஷின் நின்றது. எடுத்தார். பழைய பாஷையிலேயே ஓடியது.

"துரைகிட்ட சொல்லணுமா?" என்றார் கிராணி.

"சொன்னா, உங்களையும் எடுத்துட்டு ஆபீஸ் ஓடுதான்னு பார்ப்பாரு லா."

கிராணி சொல்லவில்லை. டிஸ்க்கின் மேல் இப்போது தேநீர்க் கோப்பை வைக்கிறார்.