பதினேழாம் நாள்

மைக் சபை மூப்பர் கைக்கு வந்துவிட்டது.

வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார். எழுபத்திரண்டு வயதில் முதுகு இன்னும் வளையவில்லை. ஆலய மணியில் அவருடைய தாத்தாவின் பெயர் பொறித்திருக்கிறது. முதல் பெஞ்சு முழுக்க அவருடைய பிள்ளைகள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள்.

அந்த பெஞ்சின் ஓரத்தில், சக்கர நாற்காலியில், ஞானாபரணம்.

கர்த்தர் செய்த நன்மைக்கு மூப்பர் சாட்சி சொல்லவேண்டும். சபை காத்திருந்தது.

சற்று முன்புதான் ஞானாபரணத்தின் மனைவி அழுதுகொண்டே சொல்லி முடித்திருந்தாள்.

“ஒரு மாசமா எங்க அத்தான் சுவரப் பாத்தே படுத்திருந்தாவ. ரெண்டு கரண்டி கஞ்சிக்கு மேல இறங்கல. ஒரு வார்த்தை பேசல. மூப்பரய்யா உபவாசம் இருந்த அன்னைக்கு, மத்தியானம், அவியளே வாயத் திறந்து பசிக்குன்னு கேட்டாவ. கர்த்தர் மூப்பரய்யா பட்டினியப் பாத்தாரு.”

பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது. எலும்பு கூடிவிடும், மனுஷர் சாப்பிடவேண்டுமே என்றார் டாக்டர்.

ஒருவர் சாப்பிடவேண்டும் என்று ஒரு சபையே சாப்பிடாமல் இருந்தது.

சங்கிலி உபவாசம். நாளுக்கு ஒருவர். காலை ஆறு முதல் மாலை ஆறு வரை தண்ணீர்கூடக் கிடையாது. இருபத்தொரு நாள், இருபத்தொரு பெயர். பட்டியலை எழுதியது மூப்பர். ஆலய வாசலில் ஒட்டியதும் அவர்.

ஏழாம் நாள் நவமணி.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். நூற்றைம்பது பிள்ளைகளுக்குச் சோறு வடித்துவிட்டு, மயக்கம் வந்து, ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டாள்.

யாரும் பார்க்கவில்லை. அவளாகவே மூப்பரிடம் வந்து சொன்னாள்.

மாலை ஜெபம் முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கேட்டார்.

“ஒரு நாள் வாயக் கட்ட முடியல, இல்ல? அப்புறம் எதுக்கும்மா பேரு குடுக்கிய?”

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தார். சங்கிலி அறுந்தது என்று அறிவித்தார். மறுநாள் ஒன்றிலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கினார்கள்.

பதினேழாம் நாள் அவருடையது.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஞானாபரணத்தின் மனைவி மருந்து வாங்கக் கீழே இறங்கியிருந்தாள். ஞானாபரணம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூப்பர் கட்டில் கம்பியில் நெற்றியை வைத்து ஜெபித்தார்.

பக்கத்து ஸ்டூலில் ஒரு தேங்காய் பன். கணவருக்குப் பிடிக்கும் என்று தினமும் வாங்கி வைப்பாள். தினமும் அது காய்ந்து போகும்.

அன்று காயவில்லை. தாளில் எண்ணெய் ஊறியிருந்தது. வாசனை வந்தது.

ஜெபத்தில் அடுத்த வார்த்தை வரவில்லை.

எழுந்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான்கே கடி. மெல்லக்கூட இல்லை.

சர்க்கரை வியாதி என்று சொல்லலாம். அவருக்குச் சர்க்கரை இல்லை.

நவமணிக்கு இருக்கிறது. அது அவருக்கு அவள் பெயரை அடித்தபோதே தெரியும்.

வேட்டியில் விழுந்த துகளைத் தட்டிவிட்டுத் திரும்பினார். ஞானாபரணம் தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏல, முழுசையுமா தின்னுட்ட?”

ஒரு மாதத்தில் அவர் பேசிய முதல் பேச்சு.

அதற்குப் பிறகு சிரித்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்கச் சிரித்தார். மனைவி உள்ளே வந்தபோது பசிக்கிறது என்றார்.

அவள் மருந்துப் பையைக் கீழே போட்டுவிட்டு மூப்பரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.



அன்று மாலை ஆறு மணிக்கு, பட்டியலில் தன் பெயருக்கு எதிரே தானே சரி போட்டார். மீதி நான்கு பேரும் தங்கள் நாளில் பட்டினி கிடந்தார்கள்.

ஞானாபரணம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். ஐந்தாம் வகுப்பிலிருந்தே மூப்பருக்குத் தெரிந்த மனிதர். இப்போது பாட்டுப் புத்தகத்தை மடியில் விரித்துவைத்து, தலை நிமிராமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூப்பர் மைக்கை வாயருகே கொண்டுபோனார்.

முதல் பெஞ்சில் எல்லா முகங்களும் அவரை நோக்கி உயர்ந்திருந்தன. மூத்த மகன் போனில் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தான்.

“கர்த்தர் நல்லவர்,” என்றார்.

இப்படிச் சொன்னால் ஆமென் அவர் வீட்டு பெஞ்சிலிருந்துதான் முதலில் வரும். இன்று கடைசித் தூணுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. தெளிவாக, சந்தோஷமாக வந்தது.

நவமணி. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகுதான் சபை சேர்ந்துகொண்டது.

போதகர் புன்னகைத்தபடி மைக்குக்காகக் கை நீட்டினார். சின்ன மகன் சற்று நகர்ந்து, அப்பா உட்கார இடம் விட்டான்.

அவர் மைக்கைக் கொடுக்கவில்லை.