பல் விட்ட சுவர்

"இன்னாய்யா சவுரி, உன் கட்டடம் என் வூட்டைப் பாத்து இப்பிடிப் பல்லை இளிக்குது?"

சக்கரபாணி குடையை நீட்டிக் காட்டினார். இரண்டு மாடி எழும்பியிருந்த புதுக் கட்டடத்தின் பக்கச் சுவர் ஓரங்களில், ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை, செங்கற்கள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

சவுரிராயன் தூக்குக்குண்டு நூலைச் சுற்றினார். புதுச்சேரியில் பல வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டுத் திண்டிவனம் திரும்பியவர். தனித்தனி வீடுகளே இருந்த அந்தத் தெருவில் அவர் எழுப்பிய சொந்தக் கட்டடம்தான் ஊருக்குப் பேச்சு. கீழே கடைகள், மேலே குடித்தனங்கள். உள்ளே பாதிச் சுவர்கள் கழற்றி மாட்டுகிற பலகைத் தடுப்புகள். மல்லாட்டை சீசனில் கீழ்த்தளம் முழுக்க நிலக்கடலை மண்டி. சீசன் முடிந்தால் தடுப்பைப் போட்டு இரண்டு குடும்பம் இருக்கலாம். பிள்ளைகள் பெருகினால் பக்கத்து அறையைச் சேர்த்துக்கொள்ளலாம்.

கேலிக்கு இதைவிட நல்ல சரக்கு சக்கரபாணிக்குக் கிடைத்ததில்லை. புறாக்கூண்டு என்று பெயர் வைத்தார். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால் பலகையை மாட்டிக்கொள்ளலாம், சமாதானமானால் கழற்றிக்கொள்ளலாம் என்று, கிளியனூர் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக்கூடப் பிடித்துவைத்துச் சொன்னார். மனுஷன் இருக்கிற இடம் என்றால் தன் வீடுதான் என்று முடிப்பார். அந்த வீட்டில் பாதி அறைகள் மழைக்கு ஒழுகும்.

ரோட்டைப் பார்த்த அறையைத் தையல்காரருக்கு வாடகைக்கு விடலாமா என்று மனைவி காந்திமதி ஒருமுறை கேட்டாள். கடை வைத்த வீடு வீடா என்று அன்று முழுக்கப் பேசினார். அதற்குப் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. புதுக் கட்டடத்து ஆட்களுக்குத் தினமும் மோர் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாள். கூண்டில் குடியேறப் போகிறாயா என்று அதற்கும் சிரித்தார்.

இன்று அந்தச் செங்கற்களைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. பின்னால் சேர்த்துக் கட்டுவதற்குத்தான் கொத்தனார்கள் இப்படிப் பல் விடுவார்கள் என்று அவருக்கும் தெரியும். அந்தப் பக்கம் இருப்பதோ அவர் வீடு மட்டும்.

"எங்க நீட்டப் போறே? என் சமையக்கட்டுக்குள்ளாறவா? இந்த வூட்டை எவன் குடுப்பான்னு நெனச்சிக்கினு கட்டறே? நான் இருக்கிற வரைக்கும் ஒரு செங்கல் இந்தப் பக்கம் வராது."

ஆட்கள் கூடிவிட்டார்கள், அதனால் குரலும் ஏறியது. பல்லையெல்லாம் இன்றைக்கே உடைத்துப் பூசாவிட்டால் விழுப்புரம் கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பலகையில் குடித்தனம் நடத்துகிறவனுக்குச் சுவரைப் பற்றி என்ன தெரியும் என்றார்.

சவுரிராயன் அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"நீங்களே சொல்லிடுங்கம்மா. இதுக்கு மேல என்னால வாயை மூடிக்கினு இருக்க முடியாது."

காந்திமதி மோர்க்குடத்தை மணல் மேல் இறக்கி வைத்தாள்.

"பல் விடச் சொன்னது நான்தாங்க. எங்கப்பா என் பேருக்கு எழுதி வெச்ச வூடு ஒழுகியே விழறதுக்குள்ள, இதோட சேத்துக் கட்டச் சொல்லிட்டேன்."

சக்கரபாணி குடையைத் தாழ்த்தினார். சுற்றி நின்றவர்களில் யாரோ இருமினார்கள்.

"கெடார்லேர்ந்து வூட்டோட மாப்பிள்ளையா வந்தப்போ எடுத்தாந்தீங்களே டிரங்குப் பெட்டி, அதைத் தொடச்சி வெச்சிருக்கேன்" என்றாள் காந்திமதி. "மாடியில ரெண்டு கூண்டு நமக்கு. நடுவுல பலகையை மாட்டறதா கழட்டறதான்றது, நீங்க பேசற பேச்சைப் பொறுத்தது."