ஒதுக்கிய இடம்

மண்சரிவில் லயத்து வீடு போனதிலிருந்து பிலோமினா தன் இரண்டு மகள்களோடு மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில்தான் படுத்தெழும்பினாள். வீடு கேட்டுத் தோட்ட அலுவலகமான கந்தோருக்குப் போனால் டவுன் கந்தோரைக் காட்டினார்கள். அங்கே போனால் தோட்டத்தைக் காட்டினார்கள்.

அன்று மூன்று அமைப்புகளின் அதிகாரிகள் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள்.

"நாங்க மூணு பேரும் ஒண்ணா சேர்ந்துட்டோம்மா," என்றார் கண்ணாடி போட்டவர். "மேமலையில எடம் ஒதுக்கியாச்சு. பக்கத்துலயே ஓடைத் தண்ணி. தாயும் குட்டிங்க ரெண்டும் இனி பயமில்லாம இருக்கலாம்."

தன் மகள்களை அவர் குட்டிங்க என்று சொன்னதில் பிலோமினாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாதா உங்கள நல்லா வைக்கட்டும் ஐயா! எப்ப குடிபோகலாம்?"

"குடிபோறதா? அந்தப் பக்கம் விறகுக்குக்கூட யாரும் போகக் கூடாதுன்னு சொல்லத்தான் வந்தோம். அது தாய்ச் சிறுத்தைக்கும் அதோட குட்டிங்களுக்கும் ஒதுக்கின எடம். இந்த மலையில மிஞ்சியிருக்கிறதே நாலஞ்சுதான்மா."

பிலோமினா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ எங்கள்ல எத்தன பேரு மிஞ்சினா ஐயா, நீங்க இப்படி ஒண்ணா வருவீங்க?"