கடல் பக்கத்து ஜன்னல்

அப்பா வீட்டைத் தம்பி பேருக்கே எழுதிவைத்துவிட்டுத்தான் போயிருந்தார். ஆனாலும் உள்ளே கல்யாணமாகாத அக்கா ஒருத்தி இருப்பது தெரிந்தால், நாளைக்கு வில்லங்கம் வருமென்று பயந்து பார்ட்டி ஓடிவிடும் என்றார் புரோக்கர். அதனால் வீடு பார்க்க ஆட்கள் வரும்போதெல்லாம் பிலோமினா கோயிலில் போய் உட்கார்ந்துகொள்வாள். இந்த முறை வந்தவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்கள். மீன் கழுவிய கையோடு அவள் கூடத்தில் நின்றாள்.

"வீட்டைப் பார்த்துக்கிறவங்க," என்றான் தம்பி அம்புரோஸ், கூசாமல்.

அதில் பொய்யும் இல்லை. அப்பா படுக்கையில் கிடந்த பதினொரு வருடமும் அவரையும் வீட்டையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். அவன் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் வருவான்.

மாடியில் கடலைப் பார்த்த ஜன்னல் உப்புக்காற்றில் துருவேறி இறுகிக் கிடந்தது. அம்புரோஸ் தள்ளினான், புரோக்கரும் தள்ளினார், அசையவில்லை. பிலோமினா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கொண்டியைச் சற்றே தூக்கி, கீழ்ச்சட்டத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினாள். கடல் உள்ளே வந்தது.

வாங்க வந்த அம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "சார், இவங்களை எங்ககிட்டயே விட்டுட்டுப் போயிடுங்களேன். இப்படி ஒரு ஆள் இப்பல்லாம் எங்க கிடைக்குது?"

வீட்டை விற்பது பற்றி இதுவரை யாரும் பிலோமினாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அம்புரோஸ் முதல்முறையாக அவள் பக்கம் திரும்பினான்.

"என்னம்மா, இருக்கீங்களா?"