வளையல் உடைக்கும் காட்சி

கைம்பெண்ணின் வளையல் உடைக்கும் காட்சிக்கு நிஜக் கைம்பெண்களையே வரவழைத்திருந்தார் இயக்குநர். அவர்களில் ஒருத்தியான ஒச்சம்மாள் நடிகையின் வளையல்களைக் கருங்கல்லால் மெல்லத் தட்டினாள்.

“கொஞ்சாதம்மா, வெறியோட அடி! இது ஒரு குறியீடு” என்று கத்தினார் இயக்குநர்.

அடுத்த முறை ஓங்கி அடித்தாள். கண்ணாடி மணிக்கட்டில் இறங்கியது. “அய்யோ, விடுங்கக்கா!” என்று அந்தப் பெண் நிஜமாகவே அலறினாள். ஒச்சம்மாளும் ஒருநாள் இப்படித்தான் அலறினாள். அன்று அவளை அமுக்கிப் பிடித்திருந்தவர்கள் நாத்தனார்கள்.

“பிரமாதம்! இன்னொரு டேக்.”

புது வளையல்கள் வந்தன. ஒச்சம்மாள் அவற்றைப் பிடுங்கி, பன்னிரண்டு வருடமாக மூளியாய்க் கிடந்த தன் கைகளில் ஏற்றிக்கொண்டாள். கூட வந்த பெண்கள் வாயைப் பொத்தினார்கள்.

“பச்சப்புள்ளய விட்ருங்க தம்பி. இந்தாங்க, இது பழகுன கை” என்று கல்லை நீட்டினாள்.

இயக்குநர் வாங்கிக்கொண்டார். கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை.